கம்பெனியை மூடினாலும் வரி பாக்கி மூடாது

நம் தகப்பனார் காலத்தில் கடை என்றால் ஒருவர் பெயரில் இருக்கும். இல்லாவிட்டால் ‘அண்டு பிரதர்ஸ்’, ‘அண்டு சன்ஸ்’ என்று கூட்டு வியாபாரமாக இருக்கும். கடன் முற்றினால் வீடு, நிலம், நகை எல்லாம் அதற்குப் பதில் சொல்ல வேண்டும் என்பது ஊரறிந்த சங்கதி. இப்போது விருதுநகரிலும், மதுரை கீழமாசி வீதியிலும், சேலம் செவ்வாய்ப்பேட்டையிலும் பெயர்ப் பலகைகளைப் பார்த்துக்கொண்டே போனால் சிலவற்றின் கடைசியில் ‘பிரைவேட் லிமிடெட்’ என்று இருக்கிறது. பாங்கியில் கேட்டார்கள் என்று மாறியவர்கள் உண்டு. ஏஜென்சி கொடுத்த பெரிய கம்பெனி கேட்டது என்று மாறியவர்கள் உண்டு. மகன் படித்துவிட்டு வந்து மாற்றச் சொன்னான் என்று மாறியவர்களும் உண்டு. மாறியதில் தவறொன்றும் இல்லை.

ஆனால் மாறிய நம்மவர்களில் பலர் மனதில் ஓர் எண்ணம் ஊறிப்போயிருக்கிறது. கம்பெனி வேறு, நாம் வேறு; வியாபாரம் நொடித்தால் கம்பெனியை மூடிவிடலாம், அதன் பாக்கியும் அதோடு போய்விடும் என்பதே அது. சரக்குக் கொடுத்தவர் பாக்கி விஷயத்தில் இது பெரும்பாலும் சரி. பாங்கிக் கடன் விஷயத்தில், நாம் தனிப்பட்ட ஜாமீன் கையெழுத்துப் போடாதிருந்தால் சரி. (போடாமல் எந்த பாங்கி கொடுக்கிறது என்பது வேறு விஷயம்.) வரி பாக்கி விஷயத்தில் மட்டும் இது சரியே இல்லை. வருமான வரியானாலும், ஜி.எஸ்.டி.யானாலும், பிரைவேட் லிமிடெட் கம்பெனியிடம் வசூலாகாத பாக்கி டைரக்டர்களின் வீட்டுக் கதவைத் தட்டலாம். கம்பெனியின் பெயரே பதிவேட்டில் இல்லாமல் போன பிறகும் தட்டலாம்.

‘கம்பெனி வேறு, முதலாளி வேறு’ என்ற சித்தாந்தத்தை நிலைநாட்டிய வழக்கு லண்டனில் பூட்ஸ் வியாபாரம் செய்த சாலமன் என்பவருடையது. அவர் 1892-இல் தம் வியாபாரத்தைக் கம்பெனியாக மாற்றினார். அந்நாளைய சட்டப்படி ஏழு பேர் பங்குதாரராக வேண்டும். தாம், தம் மனைவி, ஐந்து பிள்ளைகள் என்று ஏழு பேர் கணக்கைச் சரிக்கட்டினார். வியாபாரம் நொடித்தது. கடன்காரர்கள் சாலமனைப் பிடித்தார்கள். 1897-இல் பிரபுக்கள் சபை, கம்பெனியின் கடன் கம்பெனியுடையது, சாலமனுடையது அல்ல என்று தீர்ப்புச் சொன்னது. நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்தத் தீர்ப்பு நிற்கிறது. நம் சட்டமும் அதை ஏற்றுக்கொண்டதுதான். வரி பாக்கிக்கு மட்டும் அந்தச் சுவரில் நம் பாராளுமன்றம் ஒரு வாசல் வைத்துவிட்டது.

அந்த வாசல் 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 179-ஆவது பிரிவு. ஆரம்பத்தில் அது கலைக்கப்பட்ட பிரைவேட் கம்பெனிக்கு மட்டும் இருந்தது. கம்பெனியை முறைப்படி கலைக்காமல் சும்மா பூட்டிவிட்டுப் போனால் அந்தப் பிரிவு எட்டாது. இதைப் பார்த்த சர்க்கார் 1975-இல் திருத்தம் கொண்டுவந்து, அந்த ஆண்டு அக்டோபர் 1 முதல், கலைக்கப்பட்டாலும் கலைக்கப்படாவிட்டாலும், பிரைவேட் கம்பெனியிடம் வசூலிக்க முடியாத வரி எதுவானாலும் டைரக்டர்கள் பொறுப்பு என்று ஆக்கியது. பிறகு, ‘வரி’ என்றால் வரி மட்டும்தானே, அபராதம் சேருமா என்று ஒரு வழக்கு எழுந்தது. சேராது என்று பம்பாய் உயர் நீதிமன்றம் சொல்லிற்று. 2013-ஆம் ஆண்டு நிதிச் சட்டம் வந்து, வட்டியும் அபராதமும் சேரும் என்று விளக்கம் எழுதிவிட்டது. 2022-இல் தாமதக் கட்டணம் போன்ற கட்டணங்களையும் சேர்த்தார்கள். தலைப்பில் ஒட்டிக்கொண்டிருந்த ‘கலைப்பிலுள்ள கம்பெனி’ என்ற வார்த்தையையும் அப்போது எடுத்தார்கள். ஒவ்வொரு முறையும் வாசல் அகலமாகியிருக்கிறதே தவிர, குறுகியதில்லை. 2025-இல் நிறைவேறிய புதிய வருமான வரிச் சட்டத்தில் பிரிவு எண்கள் மாறுகின்றன. டைரக்டர் பொறுப்பு மாறவில்லை. பழைய ஆண்டுகளின் பாக்கிக்கு 179-தான்.

ஜி.எஸ்.டி. சட்டத்தில் இதற்கு ஒப்பான பிரிவுகள் 88-ம் 89-ம். கம்பெனி கலைப்புக்குப் போனால் 88. கலைப்பு நடந்தாலும் நடக்காவிட்டாலும், பிரைவேட் கம்பெனியின் வரி, வட்டி, அபராதம் வசூலாகாவிட்டால் 89. பழைய மத்திய விற்பனை வரிச் சட்டத்திலும் 18-ஆவது பிரிவு என்று ஒன்று இருந்தது. ஆனால் அது கம்பெனி கலைக்கப்பட்டால் மட்டும்தான். அந்த நினைப்பிலேயே இருப்பவர்கள் ஜி.எஸ்.டி.யில் ஏமாந்துபோவார்கள்.

இனி, கம்பெனியை மூடுவது என்றால் என்ன என்று பார்ப்போம். லிக்விடேட்டர் வைத்து, சொத்துக்களை விற்று, கடன்காரர்களுக்குப் பிரித்துக் கொடுத்துக் கலைப்பது ஒன்று. சிறு கம்பெனிகள் அந்த வழிக்குப் போவதில்லை. அவை போவது பெயர் நீக்கம் என்ற குறுக்கு வழி. 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின் 248-ஆவது பிரிவின்படி நாமே எஸ்.டி.கே.-2 படிவம் கொடுத்துப் பெயரை நீக்கிக்கொள்ளலாம். அல்லது வருடாந்தரக் கணக்கு கொடுக்காமல் கிடக்கும் கம்பெனிகளைப் பதிவாளரே நீக்கலாம். 2017-18 நிதி ஆண்டில் மட்டும் இப்படி நாடு முழுவதும் சுமார் 2.26 லட்சம் கம்பெனிகளைப் பதிவாளர்கள் நீக்கினார்கள். கணக்குத் தாக்கல் செய்யாத காரணத்துக்காக 3 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் டைரக்டர் தகுதியை இழந்தார்கள். அப்போது நம் கடைத்தெருவிலும் சிலர், ‘அப்பாடா, சர்க்காரே மூடிக் கொடுத்துவிட்டது, ஆடிட்டர் பீஸ் மிச்சம்’ என்று நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள்.

அந்த நிம்மதிக்கு ஆதாரம் எதுவும் சட்டத்தில் இல்லை. அதே 248-ஆவது பிரிவின் 7-ஆவது உட்பிரிவு, பெயர் நீக்கப்பட்டாலும் டைரக்டர், மானேஜர், அதிகாரி, பங்குதாரர் ஆகியோரின் பொறுப்பு தொடரும்; கம்பெனி கலையாமலே இருந்தால் எப்படியோ அப்படியே வசூலிக்கலாம் என்று சொல்கிறது. 250-ஆவது பிரிவு, கம்பெனியின் பதிவுச் சான்று ரத்தானாலும், வர வேண்டியதை வசூலிக்கவும் கொடுக்க வேண்டியதைக் கொடுக்கவும் மட்டும் அது உயிரோடு இருப்பதாக வைத்துக்கொள்ளச் சொல்கிறது. 252-ஆவது பிரிவோ இன்னும் ஒரு படி மேலே போகிறது. கடன் பாக்கியுள்ளவர் கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்தில் மனுக் கொடுத்து, பெயர் நீக்கம் அரசிதழில் வந்த நாளிலிருந்து இருபது ஆண்டுக்குள் கம்பெனியை மறுபடி பதிவேட்டில் ஏற்றலாம். வரி இலாகாவும் கடன்காரர்தான். இலாகா கேட்டு, தீர்ப்பாயம் பெயரைத் திரும்ப ஏற்றிய வழக்குகள் உண்டு.

2019 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் ஜெய்ப்பூர் வருமான வரி இலாகா தொடுத்த ஒரு வழக்கில் தீர்ப்பளித்தது. இலாகாவின் அப்பீல் ராஜஸ்தான் உயர் நீதிமன்றத்தில் நிலுவையில் இருந்தபோது, எதிர்த்தரப்புக் கம்பெனியின் பெயர் பதிவேட்டிலிருந்து நீங்கிவிட்டது. கம்பெனியே இல்லை, அப்பீலில் பயனில்லை என்று உயர் நீதிமன்றம் முடித்துவிட்டது. உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. பெயர் நீங்கினாலும் டைரக்டர்கள், அதிகாரிகள், பங்குதாரர்களின் பொறுப்பு தொடரும் என்று பழைய 1956 சட்டமே சொல்லியிருக்கும்போது, அப்பீல் பயனற்றது ஆகாது. விசாரித்து முடிவு செய்யுங்கள் என்று திருப்பி அனுப்பியது. ‘செத்த கம்பெனி மேல் கேஸ் நடக்காது’ என்று சொல்லித் திரியும் நண்பர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இன்னொரு தப்பெண்ணமும் இருக்கிறது. பெயர் நீக்கத்துக்கு மனுக் கொடுத்தால், பதிவாளர் வருமான வரி இலாகாவுக்கும் மறைமுக வரி இலாகாவுக்கும் கடிதம் எழுதி முப்பது நாளில் ஆட்சேபணை கேட்பார். பதில் வராவிட்டால் ஆட்சேபணை இல்லை என்று வைத்துக்கொள்வார். ‘இலாகாவே சும்மா இருந்துவிட்டதே’ என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். அந்த மௌனம் பெயரை நீக்குவதற்கு மட்டும்தான் சம்மதம். பாக்கியைத் தள்ளுபடி செய்ததாக எங்கும் எழுதியிருக்கவில்லை. அதற்கு மாறாக, மனுவோடு டைரக்டர்கள் நாமே ஈட்டுறுதிப் பத்திரம் ஒன்றும் பிரமாணப் பத்திரம் ஒன்றும் கொடுக்கிறோம். கம்பெனிக்குப் பாக்கி ஏதும் இல்லை, பின்னால் ஏதேனும் வந்தால் நாங்கள் பொறுப்பு என்பதே அவற்றின் சாரம். ஆடிட்டர் குமாஸ்தா பென்சிலால் குறி போட்ட இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தவர்கள் ஒரு தடவை அந்தப் பத்திரத்தின் நகலை வாங்கி வாசித்துப் பார்க்க வேண்டும்.

ரூபாய்க் கணக்கில் இது எப்படி இருக்கும்? விளக்கத்துக்காக ஒரு கற்பனைக் கணக்குப் போடுவோம். பருப்பு மொத்த வியாபாரம் செய்யும் பிரைவேட் லிமிடெட் கம்பெனி. டைரக்டர்கள் மூவர்: அண்ணன், தம்பி, அண்ணனின் மனைவி. 2018-19-இல் ஒரு பெயர் அச்சிட்ட பையில் 2 கோடி ரூபாய்க்குத் துவரம்பருப்பு விற்றார்கள். அந்நாளில் பிராண்டு பெயர் உள்ள பருப்புக்குத்தான் 5 சதவீத வரி. பிராண்டு இல்லாததற்கு வரி இல்லை. (2022 ஜூலை 18 முதல் பிராண்டு என்ற கேள்வி போய், பையில் அடைத்து லேபிள் ஒட்டியதா என்ற கேள்வி வந்தது.) பையில் இருப்பது பிராண்டு அல்ல, கடைப் பெயர்தான் என்று நினைத்து அவர்கள் வரி வசூலிக்கவில்லை. 2021-இல் வியாபாரம் படுத்தது. ஜி.எஸ்.டி. பதிவை ரத்து செய்தார்கள். 2022-இல் கம்பெனிப் பெயரும் நீங்கியது.

அதன் பிறகு அதிகாரி 2018-19 கணக்கை எடுக்கிறார். பதிவு ரத்தானாலும் ரத்துக்கு முந்தைய காலத்தின் பொறுப்பு போகாது என்று 29-ஆவது பிரிவே சொல்கிறது. நோட்டீஸ் இணையத் தளத்தில் ஏறுகிறது. பழைய மின்னஞ்சலுக்கும் போகிறது. மூடிய கம்பெனியின் மின்னஞ்சலை யார் பார்க்கிறார்கள்? 2024 ஏப்ரலில் ஒருதரப்பாக ஆணை வருகிறது. வரி 10 லட்சம். ஆண்டுக்கு 18 சதவீதம் வட்டி, ஐந்து ஆண்டுக்கு 9 லட்சம். அபராதம் பத்துச் சதவீதம், 1 லட்சம். ஆக 20 லட்சம். வேண்டுமென்றே மறைத்தார்கள் என்று முடிவு கட்டியிருந்தால் அபராதம் வரிக்குச் சமம். மொத்தம் 29 லட்சம்.

இங்கே வயிற்றெரிச்சலான சங்கதி ஒன்று இருக்கிறது. 2017-18 முதல் 2019-20 வரையிலான மூன்று ஆண்டுகளுக்கு, மறைப்புக் குற்றச்சாட்டு இல்லாத ஆணைகளுக்கு, வரியை மட்டும் கட்டினால் வட்டியும் அபராதமும் தள்ளுபடி என்று சர்க்கார் 128-ஏ பிரிவில் ஒரு சலுகை கொடுத்தது. வரியைக் கட்டக் கடைசி நாள் 2025 மார்ச் 31. நம் கணக்கிலுள்ள குடும்பம் இணையத் தளத்தைத் திறந்து பார்த்திருந்தால் 20 லட்சம் 10 லட்சமாகக் குறைய வழி இருந்தது. பார்க்காததால் முதல் தகவலே டைரக்டர் பெயருக்கு வீடு தேடி வந்த வசூல் நோட்டீஸ்தான்.

மூன்று டைரக்டர் என்றால் ஆளுக்கு மூன்றில் ஒரு பங்கு என்று எண்ணிவிட வேண்டாம். ‘கூட்டாகவும் தனித்தனியாகவும்’ என்பது சட்டத்தின் வாசகம். யாரிடம் கிடைக்கிறதோ அவரிடம் முழுத் தொகையையும் வாங்கலாம். அண்ணன் வாடகை வீட்டில் இருக்கிறார். தம்பியின் நிலம் பாங்கி அடமானத்தில் இருக்கிறது. அண்ணியின் பெயரில், அவருடைய தகப்பனார் சீதனமாகக் கொடுத்த ஒரு வீடு இருக்கிறது. வில்லங்கம் இல்லாத சொத்து அது ஒன்றுதான். ஜப்தி அங்கேதான் போகும். கலெக்டருக்குச் சான்று அனுப்பி நிலவரி பாக்கி போலவும் வசூலிக்கலாம். கட்டியவர் மற்ற இருவரிடம் பங்கு கேட்டு வழக்குப் போடலாம். அது அவர்கள் குடும்ப விவகாரம், இலாகாவுக்கு அதில் அக்கறை கிடையாது.

நாம் முக்கியமாகச் சொல்ல வந்தது இந்த அண்ணியைப் பற்றித்தான். பிரைவேட் கம்பெனிக்குக் குறைந்தது இரண்டு டைரக்டர் வேண்டும். இரண்டாவது ஆளாக யாரைப் போடுவது? மனைவியைப் போடுகிறோம். அவர் கடைக்கு வந்ததில்லை, செக்கில் கையெழுத்துப் போட்டதில்லை. அவருடைய டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் ஆடிட்டர் ஆபீஸ் மேஜை அறையில் கிடக்கிறது. தாம் டைரக்டர் என்பதே சிலருக்கு மறந்துபோயிருக்கும். ஆனால் சட்டம் ‘அந்தக் காலத்தில் டைரக்டராக இருந்த ஒவ்வொருவரும்’ என்றுதான் சொல்கிறது. வேலை பார்த்த டைரக்டர், பெயருக்கு டைரக்டர் என்று பிரிக்கவில்லை. பண நிர்வாகத்தில் தமக்குச் சம்பந்தமே இல்லை என்று காட்டியவர்களைச் சில வழக்குகளில் உயர் நீதிமன்றங்கள் விடுவித்திருக்கின்றன என்பது உண்மை. அது உயர் நீதிமன்றம் வரை போய், வக்கீல் பீஸ் கொடுத்து, சில வருஷம் தூக்கம் கெட்ட பிறகு கிடைத்தது. குடும்பத்தார் பெயர் வேண்டுமென்றால் பங்குதாரராகப் போடலாம். பங்குத் தொகை முழுவதும் கட்டியிருந்தால், பங்குதாரர் என்ற முறையில் அவரிடம் மேற்கொண்டு கேட்க ஒன்றுமில்லை. டைரக்டர் நாற்காலியில் வியாபாரம் பார்க்கிறவர் மட்டும் உட்காரட்டும் என்பது நம் அபிப்பிராயம். தனி ஒருவரே நடத்துவதானால் ஒரு நபர் கம்பெனி என்ற ஏற்பாடு 2013 சட்டத்தில் வந்திருக்கிறது. அதற்கு ஒரே டைரக்டர் போதும்.

எந்த ஆண்டின் பாக்கி என்பது முக்கியம். வருமான வரியில், எந்த ஆண்டின் வருமானத்துக்கு வரியோ அந்த ஆண்டில் ஒரு நாளாவது டைரக்டராக இருந்தவர் பொறுப்பு. ஜி.எஸ்.டி.யில், சப்ளை நடந்த காலத்தில் டைரக்டராக இருந்தவர் பொறுப்பு. ஆணை வந்த நாளில் யார் டைரக்டர் என்பது கேள்வியே அல்ல. ஆகவே 2019-இல் விலகியவரை 2018 பாக்கிக்காகக் கேட்கலாம். 2020-இல் சேர்ந்த மருமகனை அதற்குக் கேட்க முடியாது. விலகல் கடிதத்தைக் கம்பெனி பெற்றுக்கொண்ட தேதி, அல்லது கடிதத்தில் குறித்த தேதி, எது பிந்தியதோ அதுதான் விலகிய நாள். கடிதம் கொடுத்ததற்கு ஒப்புகை வேண்டும். கம்பெனி டி.ஐ.ஆர்.-12 படிவத்தில் பதிவாளருக்குத் தெரிவிக்க வேண்டும். அது நடந்ததா என்று விலகியவரே மத்திய அரசின் கம்பெனிகள் இணையத் தளத்தில் பார்த்துக்கொள்ளலாம். வாயால் ‘நான் விலகிவிட்டேன்’ என்று சொல்லிவிட்டு வேறு ஊரில் கடை போட்டவர்கள் பதிவேட்டில் இன்னும் டைரக்டராகவே இருக்கிறார்கள்.

தப்பிக்க வழியே இல்லையா என்றால், சட்டம் ஒரு வழி வைத்திருக்கிறது. முதலாவதாக, இலாகா எடுத்த எடுப்பில் டைரக்டரிடம் வரக்கூடாது. கம்பெனியிடம் வசூலிக்க முயன்று, முடியவில்லை என்று ஆன பிறகுதான் வரலாம். என்ன முயற்சி செய்தார்கள் என்பது நோட்டீஸில் இருக்க வேண்டும் என்று பம்பாய், குஜராத் உயர் நீதிமன்றங்கள் வருமான வரி வழக்குகளில் சொல்லியிருக்கின்றன. இரண்டாவதாக, வரி வசூலாகாமல் போனதற்குத் தம்முடைய பெரும் அலட்சியமோ, முறைகேடோ, கடமை தவறலோ காரணமல்ல என்று டைரக்டர் நிரூபித்தால் பொறுப்பு இல்லை. நிரூபிக்க வேண்டியவர் டைரக்டர், இலாகா அல்ல. இதில் குஜராத் உயர் நீதிமன்றம் ஒரு நுணுக்கத்தைச் சொல்லியிருக்கிறது. வியாபாரத்தைத் திறமையாக நடத்தவில்லை என்பது கேள்வி அல்ல. வரி வசூலாகாமல் போனதற்கு அலட்சியம் காரணமா என்பதே கேள்வி. நஷ்டப்பட்டது குற்றமில்லை என்று இதற்கு நாம் பொருள் கொள்ளலாம்.

எதைக் காட்டி நிரூபிப்பது? எல்லாம் காகிதம்தான். சரக்கைப் பாங்கி கைப்பற்றி ஏலம் விட்டதென்றால் ஏல நோட்டீஸ். தீ, வெள்ளம் என்றால் இன்சூரன்ஸ் சர்வேயர் அறிக்கை. வெளியூர்ப் பாக்கி மாட்டிக்கொண்டதென்றால் போட்ட வழக்கின் எண், அனுப்பிய வக்கீல் நோட்டீஸ். ரிட்டர்ன்களை ஒழுங்காகக் கொடுத்ததற்கும் நோட்டீஸ்களுக்குப் பதில் எழுதியதற்கும் நகல்கள். கடைசி மூன்று நான்கு வருஷத்து ஐந்தொகைகள். டைரக்டர் கூட்டத்தில், வரி பாக்கியை எப்படிக் கட்டுவது என்று பேசி எழுதிய மினிட்ஸ் இருந்தால் மிக நல்லது. நம்மவர்கள் மினிட்ஸ் புத்தகத்தை ஆடிட்டரின் சம்பிரதாயம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

எது கெடுக்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். மூடுவதற்கு முந்தைய மாதங்களில் டைரக்டர்கள் தாங்கள் கொடுத்த கைமாற்றை மட்டும் முதலில் எடுத்துக்கொண்டு வரியைப் பாக்கி வைத்தால், அந்த ஒரு பேரேட்டுப் பக்கம் போதும், வேறு சாட்சி வேண்டாம். இருந்த சரக்கை மகன் பெயரில் தொடங்கிய புதுக் கடைக்கு அடிமாட்டு விலைக்கு மாற்றுவதும் அப்படியே. வரி பாக்கியோ வழக்கோ நிலுவையில் இருக்கும்போது சொத்தைக் கைமாற்றினால் அது செல்லாது என்று சொல்ல வருமான வரியில் 281-ஆவது பிரிவும் ஜி.எஸ்.டி.யில் 81-ஆவது பிரிவும் இருக்கின்றன. நடக்கிற வியாபாரத்தை அப்படியே வாங்குகிறவர்களும் கவனிக்க வேண்டும். ஜி.எஸ்.டி. 85-ஆவது பிரிவின்படி, மாற்றிய நாள் வரையிலான பழைய பாக்கிக்கு விற்றவரும் வாங்கியவரும் சேர்ந்தே பொறுப்பு. சாவியை வாங்கும்போது அந்தப் பாக்கியையும் சேர்த்து வாங்குகிறோம்.

‘நாங்கள் கம்பெனி இல்லை, பார்ட்னர்ஷிப்தான்’ என்று இதைத் தள்ளிவிட்டுப் போகும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. கூட்டு வியாபாரத்தில் பங்காளிகளின் பொறுப்பைப் பற்றிச் சந்தேகமே கிடையாது. விலகுகிறவருக்கு மட்டும் ஜி.எஸ்.டி. 90-ஆவது பிரிவில் ஒரு பாதுகாப்பு இருக்கிறது. விலகிய ஒரு மாதத்துக்குள் கமிஷனருக்கு எழுத்து மூலம் அறிவித்தால், விலகிய நாள் வரையிலான பாக்கிக்கு மட்டுமே பொறுப்பு. அறிவிக்காவிட்டால், அறிவிப்பு போய்ச் சேரும் நாள் வரை பொறுப்பு வளர்ந்துகொண்டே போகும். தம்பியோடு மனத்தாங்கலில் பிரிந்து, பாகப்பிரிவினை எழுதி, கோவிலில் சத்தியமும் செய்துவிட்டு, கமிஷனருக்கு ஒரு கடிதம் எழுத மறந்தவர்கள் எத்தனையோ பேர். எல்.எல்.பி. என்ற புது வகைக் கூட்டும் ஜி.எஸ்.டி.யில் கூட்டு வியாபாரமாகவே கருதப்படுகிறது. வருமான வரியில் எல்.எல்.பி. பங்காளிகளுக்கு 167-சி பிரிவு, டைரக்டர்களுக்கு 179 போலவே இருக்கிறது.

கம்பெனியை மூடத்தான் வேண்டும் என்ற நிலையில் இருப்பவர்கள், எஸ்.டி.கே.-2 படிவத்தைத் தொடுமுன் முதலில் ஜி.எஸ்.டி.யை முடிக்க வேண்டும். ரத்து செய்யும் நாளில் இருப்பிலுள்ள சரக்குக்கு எடுத்த உள்ளீட்டு வரியைத் திருப்பிக் கட்ட வேண்டும். ரத்தான நாள் அல்லது ரத்து ஆணையின் தேதி, இதில் எது பிந்தியதோ அதிலிருந்து மூன்று மாதத்துக்குள் ஜி.எஸ்.டி.ஆர்.-10 என்ற இறுதி ரிட்டர்ன் கொடுக்க வேண்டும். வருமான வரி இணையத் தளத்தில் பழைய பாக்கி என்று என்ன நிற்கிறது என்று பார்க்க வேண்டும். எப்போதோ கட்டிய தொகை செலானில் வருஷம் மாறிப் பதிவாகி, பாக்கியாக நிற்பதும் உண்டு. அப்பீலில் இருப்பது எதுவானாலும் அது முடியும் வரை கம்பெனியை உயிரோடு வைத்திருப்பதே மேல். மூடிவிட்டால் அப்பீலை நடத்த ஆள் இருக்காது. ஆணை மட்டும் இருக்கும்.

மூடிய பிறகு நோட்டீஸ் வந்துவிட்டால், ‘கம்பெனியே இல்லை’ என்று ஒரு வரி எழுதிப் போட்டுவிட்டுச் சும்மா இருக்கக்கூடாது. மேலே சொன்ன காகிதங்களோடு குறித்த நாளுக்குள் பதில் கொடுக்க வேண்டும். ஜி.எஸ்.டி. ஆணைக்கு அப்பீல் மூன்று மாதத்துக்குள். தகுந்த காரணம் இருந்தால் மேலும் ஒரு மாதம். தகராறிலுள்ள வரியில் பத்துச் சதவீதம் முன்பணம் கட்ட வேண்டும். நோட்டீஸ் இணையத் தளத்தில் மட்டும் ஏறி, நமக்குத் தெரியாமலே ஆணையான வழக்குகளில் சென்னை உயர் நீதிமன்றம் பலருக்கு மறு வாய்ப்பு கொடுத்திருக்கிறது. பெரும்பாலும் வரியில் ஒரு பகுதியைக் கட்டச் சொல்லித்தான் கொடுக்கிறார்கள். வருமான வரியில் 179 ஆணைக்கு வழக்கமான அப்பீல் கிடையாது. 264-ஆவது பிரிவில் கமிஷனரிடம் ஓராண்டுக்குள் மறுபரிசீலனை மனுக் கொடுக்கலாம். அதுவும் பயன்படாவிட்டால் உயர் நீதிமன்றம்.

ஜி.எஸ்.டி. கணக்குப் புத்தகங்களை, அந்த ஆண்டின் வருடாந்தர ரிட்டர்ன் கொடுக்க வேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. வழக்கு நிலுவையில் இருந்தால் அது முடிந்த பிறகும் ஒரு வருஷம். கிடங்கைக் காலி செய்யும்போது பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடாமல் ஒரு டிரங்குப் பெட்டியில் கட்டி வீட்டில் வையுங்கள். ஜி.எஸ்.டி. தளத்தின் பழைய பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் ஆடிட்டரிடமிருந்து எழுதி வாங்கிக்கொண்டு, மாதம் ஒரு முறை திறந்து, ‘கூடுதல் நோட்டீஸ்களும் ஆணைகளும்’ என்ற இடத்தில் ஏதாவது ஏறியிருக்கிறதா என்று பாருங்கள்.